மணி கோத்துச் சேர்த்த நிதி: பத்து வயதுச் சிறுமியின் முயற்சி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்ததால் ஆறு குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடத்துக்கு மாறின. தன்னார்வலர்கள் நடத்தும் இடம் அது. அதே பகுதியில் வசிக்கும் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு மணி கோத்து பிரேஸ்லெட் செய்யும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. பொழுதுபோக்காகச் செய்து தோழிகளுக்குக் கொடுத்துவந்தாள். "அம்மா, இதையெல்லாம் வித்து அந்தப் பணத்தை அவங்களுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். அம்மா சம்மதித்து ஒரு பெட்டி மணியும் எலாஸ்டிக் நூலும் வாங்கித் தந்தார்.

அன்று மாலையே சித்தி, உறவினர்களும் அலுவலக நண்பர்களும் இருக்கும் கைப்பேசிக் குழுக்களில் ஒரு செய்தி போட்டார். குழந்தை செய்த பிரேஸ்லெட், முழுப் பணமும் தீயில் வீடிழந்தவர்களுக்கு, இரண்டு வாரத்தில் கையில் கிடைக்கும் என்பது அதன் சாரம். இரண்டே நாளில் 60 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அப்போது முடிந்திருந்தவை மூன்று. விலை முடிவாகவில்லை. பணத்தை யாரிடம் கொடுப்பது என்று தங்குமிடத்தில் எவரையும் கேட்கவும் இல்லை.

குழந்தைகள் தொடங்கும் இத்தகைய முயற்சிகளில் முதல் சிக்கல் பெரும்பாலும் குழந்தையிடமிருந்து வருவதில்லை. பெரியவர்களின் உற்சாகத்திலிருந்துதான் வருகிறது. இங்கே அந்தச் செய்தியில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன: பணம் யாருக்கு, எவ்வளவு, பொருள் எப்போது கிடைக்கும். மூன்றும் குழந்தையின் பெயரால் தரப்பட்டவை. அவளிடம் ஒன்றையும் கேட்கவில்லை.

முதல் வாரத்தில் தெரிந்தவை

முதல் வாரத்தில் 14 பிரேஸ்லெட்டுகள் முடிந்தன. நிறம் தேர்ந்தெடுத்து, கோத்து, முடிச்சிட்டு, பசை வைத்து, சீட்டு கட்ட ஒன்றுக்குச் சராசரியாக 20 நிமிடம் ஆனது. 60க்கு 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். பள்ளி நாளில் அவளுக்குக் கிடைப்பது அரைமணி நேரம். அந்தக் கணக்கில் 40 நாள் வேண்டும். சொல்லியிருந்ததோ இரண்டு வாரம். இந்தப் பெருக்கலை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

பள்ளியில் கைவினை வகுப்பு எடுக்கும் ஆசிரியை, குடும்பம் கேட்டதன் பேரில் வந்து பார்த்தார். 14 பிரேஸ்லெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டில் ஏற்றும் அளவுக்கு விரித்து விரித்து விட்டார். ஒவ்வொன்றையும் பத்து முறை அப்படிச் செய்ததில் ஐந்து அறுந்தன. அறுந்த இடங்களே காரணத்தைச் சொல்லின.

மூன்று, முடிச்சை ஒட்டியே அறுந்திருந்தன. வீட்டில் இருந்த உடனடிப் பசையைத்தான் முடிச்சில் வைத்திருந்தார்கள். சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்த இந்தப் பசை காய்ந்ததும் கல்லாக இறுகும். எலாஸ்டிக் நூலையும் அந்த இடத்தில் நொறுங்கும்படி விறைப்பாக்கிவிடும். முடிச்சு அவிழாது; ஆனால் அதன் ஓரத்திலேயே நூல் முறியும். நான்காவதில் முடிச்சே நழுவிவிட்டது. சாதாரண ஒற்றை முடிச்சை இரண்டு முறை போட்டிருந்தாள்; வழுவழுப்பான எலாஸ்டிக்கில் அது பிடிக்காது. ஐந்தாவது நடுவில் அறுந்தது. கண்ணாடி மணியின் துளை விளிம்பு கூராக இருந்து நூலை அறுத்திருந்தது.

அறுபடாத ஒன்பதிலும் ஒரு குறை. இழுத்துவிட்ட பிறகு மணிகளுக்கு இடையே நூல் வெளியே தெரிந்தது. கோப்பதற்கு முன் நூலை நீட்டிப் பழக்காததால், அணிந்த பிறகு அது நீண்டு தொய்கிறது.

பணத்திலும் ஒரு தெளிவின்மை இருந்தது. பெயர் கொடுத்தவர்களில் சிலர் முன்பணம் தந்திருந்தார்கள். சிலர் கூடுதலாகத் தந்து "மீதியை வெச்சுக்கோம்மா" என்றிருந்தார்கள். எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தது. எது விலை, எது நன்கொடை, எது யார் தந்தது என்பதற்குக் குறிப்பு இல்லை.

தங்குமிடத்தில் கேட்டபோது

சேரும் பணத்தில் போர்வைகளும் பொம்மைகளும் வாங்கிக் கொடுக்கலாம் என்பது சிறுமியின் எண்ணம். தங்குமிடத்தின் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டபோது, போர்வைகள் அடுக்க இடமில்லாமல் குவிந்திருப்பதாகச் சொன்னார். விபத்து நடந்த முதல் சில நாட்களில் எல்லாரும் கொண்டுவருவது பழைய துணியும் போர்வையும்தான். அவற்றைப் பிரித்து, மடித்து, வைக்க இடம் தேடுவதே தன்னார்வலர்களின் பெரிய வேலையாகிவிடுகிறது. குறைவது, ஆளுக்கு ஆள் அளவு மாறும் பொருள்கள். அங்கே அப்போது தேவைப்பட்டவை, பள்ளிக்குப் போகும் 11 பிள்ளைகளுக்குக் காலணி. எரிந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் வாங்கும் கட்டணமும் தேவைப்பட்டது.

இரண்டையும் சிறுமியிடமே சொல்லி, எது என்று கேட்டார்கள். அவள் காலணியைத் தேர்ந்தெடுத்தாள்.

எடுத்த முடிவுகள்

*பெயர் சேர்ப்பதை நிறுத்துதல்.* 60க்கு மேல் ஒருவரையும் சேர்ப்பதில்லை என்றும், முடிக்க ஐந்து வாரம் ஆகும் என்றும் எல்லாருக்கும் செய்தி போனது. நான்கு பேர் விலகினார்கள், 56 நின்றது. மீதியை அம்மாவும் சித்தியும் இரவில் உட்கார்ந்து செய்துவிடலாம் என்ற யோசனை வந்தது. அது வேண்டாம் என்று முடிவானது. வாங்குகிறவர் குழந்தை செய்தது என்று நம்பி வாங்குகிறார். பெரியவர்கள் செய்ததை அந்தப் பெயரில் கொடுப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது. குழந்தைக்கும் அது தெரிந்தே இருக்கும்.

*"முழுப் பணமும்" என்ற சொல்லைக் காப்பாற்றுதல்.* ஒரு பிரேஸ்லெட்டின் விலையைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால், பொருள் செலவு மூன்று பங்கு: மணிக்கு இரண்டு, நூல், பசை, சீட்டு எல்லாம் சேர்த்து ஒன்று. செலவைக் கழித்துக்கொண்டு ஏழு பங்கைக் கொடுப்பது தவறல்ல. பெரும்பாலான கைவினை விற்பனைகள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் அதை விற்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். முழுப் பணம் என்று சொல்லிப் பெயர் வாங்கிய பிறகு கழிக்க முடியாது. எனவே இந்தச் சுற்றுக்கு மட்டும் பொருள் செலவைக் குடும்பம் தன் நன்கொடையாக ஏற்றது. கணக்கு நோட்டில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கி ஒவ்வொரு செலவும் எழுதப்பட்டது. செலவு என்று ஒன்று இருக்கிறது என்பதே குழந்தைக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக, அந்தப் பக்கத்தை அவளே எழுதினாள்.

*செய்முறையை மாற்றுதல்.* முதல் 14ஐயும் பிரித்துவிடுவது என்று ஆசிரியை சொன்னபோது சிறுமி அழுதாள். அறுபடாத ஒன்றை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். நாலாவது இழுப்பில் போயிற்று. அதன் பிறகு அவளே மற்றவற்றை வெட்டினாள். மணிகள் வீணாகவில்லை, நூலும் பசையும் மட்டுமே நட்டம்.

புதிய முறை இது. நூல் 0.6 மில்லிமீட்டரிலிருந்து 0.8 மில்லிமீட்டருக்கு மாறியது. 30 சென்டிமீட்டர் வெட்டி, இரு முனையையும் பிடித்து ஏழெட்டு முறை மெதுவாக நீட்டி விட்ட பிறகே கோக்க வேண்டும். ஒரு முனையில் ஒட்டும் நாடாவை மடித்து ஒட்டினால் மணி சிதறாது. ஒவ்வொரு மணியின் துளையையும் வெளிச்சத்தில் பார்த்து, விளிம்பு உடைந்ததையும் கூரானதையும் ஒதுக்க வேண்டும். பெட்டியில் பத்துக்கு ஒன்று அப்படிக் கழிந்தது. அதில் பெரும்பகுதி கண்ணாடி மணி.

நீளக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மணிக்கட்டின் சுற்றளவுக்குச் சரியாகக் கோத்தால் பிரேஸ்லெட் இறுக்கும், ஏனென்றால் மணியின் பருமன் உள்சுற்றைக் குறைக்கிறது. 8 மில்லிமீட்டர் மணிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். 14 சென்டிமீட்டர் மணிக்கட்டுக்கு 16 சென்டிமீட்டர், அதாவது 20 மணி. 16 சென்டிமீட்டர் மணிக்கட்டுக்கு 18 சென்டிமீட்டர். 22 அல்லது 23 மணி. இந்த இரண்டு அளவுகளே போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

முடிச்சில், முதல் சுற்றில் நூலை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சுற்றி இழுத்து, அதன் மேல் எதிர்த்திசையில் இன்னொரு முடிச்சு. அறுவை மருத்துவர்கள் தையலுக்குப் போடுவது இதே வகை. முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்வதால் இரண்டாவது போடும்வரை நழுவாது. முடிச்சின் இரு பக்கமும் உள்ள நான்கு இழையும் இறுகும்படி இழுத்து, காய்ந்த பிறகும் வளையக்கூடிய நகைப் பசை ஒரு சிறு துளி. ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, வாலை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, முடிச்சைப் பக்கத்து மணியின் துளைக்குள் இழுத்து மறைக்க வேண்டும். காயும் முன் வெட்டினால் வால் உள்ளே போய் முடிச்சு அவிழும்; அவசரத்தில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

உலோக மணிகள் விலக்கப்பட்டன. மலிவான உலோக மணிகளில் நிக்கல் இருக்க வாய்ப்புண்டு. பலருக்கு அது தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். காந்தக் கொக்கிகளும் கூடாது; இரண்டு காந்தங்களை ஒரு குழந்தை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எந்த மணியுமே ஆபத்துதான். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடிய சிறு பாகமாகக் கொள்ளப்படுகிறது. 8 மில்லிமீட்டர் மணி அதில் வெகு தாராளமாக அடங்கும். எனவே சீட்டில் "3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அல்ல" என்ற வரி சேர்ந்தது.

*வேலையைப் பிரித்தல்.* நிறம் தேர்வதும் கோப்பதும் சிறுமிக்குப் பிடித்திருந்தது. முடிச்சு பிடிக்கவில்லை, விரல் வலித்தது. பதினான்கு வயது அக்கா முடிச்சை ஏற்றாள்; பசை அப்பா கையில். சீட்டில் "வீட்டார் உதவியோடு செய்தது" என்று எழுதினார்கள். கோக்க மட்டும் என்றால் ஒன்றுக்குப் பத்து நிமிடம். ஒரு அமர்வு 40 நிமிடத்துக்கு மேல் இல்லை. வாரத்துக்கு நான்கு அமர்வுகள். வாரம் 16 ஆகும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு, படிப்பைக் கெடுக்கும் வேலையிலிருந்து குழந்தையைக் காக்கச் சொல்கிறது. நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்பதால் அந்த வரம்பு தளர்வதில்லை. வீட்டுக்குள் நடப்பதை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை என்பதால்தான் நேரத்தை எழுதி ஒட்ட வேண்டியிருந்தது.

*பணத்தைக் கையாளுதல்.* சீட்டுகளில் 1 முதல் 56 வரை எண் போட்டார்கள். நோட்டில் எண், அளவு, யாருக்கு, எந்தத் தேதியில், ரொக்கமா கைப்பேசி வழியா, விலை, அதற்கு மேல் தந்தது என்று கட்டங்கள். கூடுதல் தொகை தந்தவரிடம் அது நன்கொடையா என்று கேட்டு எழுதினார்கள். வார இறுதியில் சிறுமி எண்ணுவாள். பெரியவர் இருவர் பார்த்துக் கையெழுத்திடுவார்கள். கைப்பேசி வழி வந்த பணம் அம்மாவின் கணக்கில் வீட்டுச் செலவோடு கலந்தது. அதனால், கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல் வாராவாரம் தங்குமிடத்துக்கு அனுப்பி ரசீது வாங்குவது என்றானது. வீடு வீடாகப் போய் அவள் விற்பதில்லை. படம் போட்டால் கையும் பிரேஸ்லெட்டும் மட்டும். முகமும் பள்ளிப் பெயரும் வராது.

இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை

இரண்டாம் வாரம் 16 முடிந்தன. நோட்டுக் கணக்கில் ஒரு பிரேஸ்லெட்டின் பணம் குறைந்தது. 9ஆம் எண் கொடுத்தாயிற்று, பணம் இல்லை. விசாரித்ததில் வாங்கியவர் சித்தியிடம் கொடுத்திருந்தார். சித்தி கைப்பையில் வைத்து மறந்திருந்தார். எண் இல்லாமல் இருந்தால் இது தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து அம்மாவும் அப்பாவும் தவிர யாரும் பணம் வாங்கவில்லை.

மூன்றாம் வாரம் வேலை நின்றது. பெயர் கொடுத்தவர்களில் 12 பேருக்கான பிரேஸ்லெட்டுகளை ஒருவர் ஒரே இரண்டு நிறங்களில் கேட்டிருந்தார். சிறுமி ஐந்து கோத்துவிட்டு ஆறாவதைப் பாதியில் வைத்துவிட்டாள். தலைவலி என்றாள், வீட்டுப்பாடம் என்றாள். அலுப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, உதவி செய்வதில் அலுக்கலாமா என்ற கூச்சம். ஏற்ற வேலையை முடிக்கக் கற்க வேண்டும் என்று அப்பா கருதினார். ஆசிரியையின் பார்வை வேறு: அவளை இந்த வேலையில் பிடித்து வைத்திருந்ததே நிறத்தைத் தேர்வது, ஒரே நிறக் கோரிக்கை அதைப் பறித்துவிட்டது.

நான்கு நாள் பெட்டியை எடுக்கவேண்டாம் என்று விட்டார்கள். வாங்குகிறவர் அளவை மட்டும் சொல்லலாம், நிறம் செய்பவரின் விருப்பம் என்று எல்லாருக்கும் எழுதினார்கள். 12 கேட்டவர் மறுப்பின்றி ஒப்புக்கொண்டார். அவர் நிறம் சொன்னதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வாரம் எட்டு மட்டுமே ஆனது. நான்காம், ஐந்தாம் வாரங்களில் தலா 16. சொன்ன தேதிக்குள் 56ம் முடிந்தன.

இடையில் இரண்டு அழைப்புகள் வந்தன. கடை ஒன்று, பிரேஸ்லெட்டுகளைத் தொடர்ந்து வாங்கி விற்பதாகச் சொன்னது. இன்னொருவர் சிறுமியின் படத்தோடு செய்தி போடலாம் என்றார். முதலாவது, முடிவுத் தேதி இல்லாத வேலையாகிவிடும். இரண்டாவதில் அவளிடம் கேட்டார்கள். அவளுக்கு ஆசை இருந்தது. படம் ஒருமுறை வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது என்பதை விளக்கிப் பெற்றோர் மறுத்தார்கள். அவளுக்கு வருத்தம்தான்.

கணக்கு முடிந்தபோது

56இல் 53 பேர் முன்பணமாகவோ, பொருள் கைக்கு வந்ததுமோ பணம் கொடுத்தார்கள். மூவருக்கு ஒருமுறை நினைவூட்டியதில் இருவர் தந்தனர். மற்றவரை அதற்கு மேல் கேட்கவில்லை. விலையாக வந்தது 550 பங்கு, கூடுதல் நன்கொடை 42, மொத்தம் 592. குடும்பம் ஏற்ற பொருள் செலவு ஏறத்தாழ 175. அதைக் கழித்திருந்தால் கையில் 417தான் நின்றிருக்கும். நோட்டில் இந்த வரியைக் கண்டபோதுதான், "முழுப் பணமும்" என்ற சொல்லுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் உறைத்தது.

அந்தப் பணம் ஒன்பது ஜோடிக் காலணிகளுக்குப் போதுமானதாக இருந்தது. மீதி இரண்டைத் தங்குமிடம் தன் நிதியிலிருந்து சேர்த்தது. வாங்கியது தங்குமிடமே. இரண்டு ஜோடி அளவு சேராமல் மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் பட்டியலில் இருந்தவை பழைய காலணிகளின் அளவு எண்கள். ஒரே எண் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

ஒரு மாதத்துக்குள் மூன்று பிரேஸ்லெட்டுகள் அறுந்து திரும்பின. மூன்றுக்கும் வேறு கொடுத்தார்கள். கேட்டதில் மூவருமே விரித்து இழுத்து மாட்டியிருந்தார்கள். விரல் நுனியிலிருந்து உருட்டி ஏற்றினால் நூல் வெகுநாள் நிற்கும். இதைச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

வாங்கிய அனைவருக்கும் தங்குமிடத்தின் ரசீதும், எத்தனை ஜோடி வாங்கப்பட்டது என்ற இரண்டு வரியும் அனுப்பப்பட்டன. பிள்ளைகளின் பெயரோ படமோ இல்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

பெறுகிறவர்களிடம் கேட்பது செய்தி போடுவதற்கு முன் நடக்க வேண்டும். இங்கே அது இரண்டாவதாக நடந்தது. சிறுமி போர்வை என்று நினைத்திருந்த ஒரு வாரம் அவளுக்கு ஏமாற்றமாக முடிந்தது.

பெயர் சேர்ப்பதற்கு முன் பத்து பிரேஸ்லெட்டுகள் செய்து வீட்டார் ஒரு வாரம் அணிந்து பார்க்கலாம். நூல், பசை, அளவு மூன்றின் குறையும் அதிலேயே தெரிந்துவிடும். ஒன்றுக்கு ஆகும் நேரமும் கிடைக்கும். எத்தனை பெயர் சேர்க்கலாம் என்பதை அதை வைத்தே சொல்லலாம்.

காலணி போன்றவற்றுக்கு அளவு எண்ணைக் கேட்கக் கூடாது. பிள்ளை காகிதத்தின் மேல் நிற்க, பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல்வரை சென்டிமீட்டரில் அளந்து, ஒன்றைக் கூட்டினால் போதும். இரண்டு காலும் அளக்க வேண்டும். பெரியதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறுமிக்குத் தன் கையாலேயே காலணியைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. தங்குமிடம் அனுமதிக்கவில்லை. அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று வகுப்பில் தெரிவது அவர்களுக்குச் சங்கடம். காரணம் சரியானதே, ஆனால் அவளுக்குக் கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள். தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம், பதிலுக்குக் கடையில் அளவுகளைச் சரிபார்க்கும் வேலையையாவது அவளுக்குத் தந்திருக்கலாம்.

சான்றிதழ் கட்டணத்துக்காக இரண்டாவது சுற்று ஒன்றுக்குச் சிறுமியே கேட்டிருக்கிறாள். 24 பிரேஸ்லெட்டுகள், இரண்டு அளவுகள், நிறம் அவள் விருப்பம், பணம் முன்கூட்டியே, தேர்வு முடிந்த பிறகு இரண்டு வாரம். சீட்டில் இந்த முறை, விலையில் பத்தில் ஏழு பங்கு தங்குமிடத்துக்கு, மூன்று பங்கு மணிக்கும் நூலுக்கும் என்று அச்சாகும்.